ஜாடி நிகழ்ச்சி நிரலில் இல்லை

மாலை ஆறரை. நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளம்.
ஆணையர் மூவரும் ஆஜர் என்று எழுதினேன்.
பொருள் எண் ஏழு:
மண், நீர்ப் பாதுகாப்புக்கு
ஆண்டுக்கு மனை ஒன்றுக்கு ஐந்து டாலர்,
ஏக்கருக்குப் பத்து சென்ட்.

மார்னா ஷ்லோமர் வாய் திறக்குமுன்
ஒரு ஜாடியை மேசைமேல் வைத்தார்.
ஊறுகாய் ஜாடி. மூடியில் இன்னும் விலைச்சீட்டு.
பனி உருகி வரும் ஹார்மன் ஓடையில்
மதியம் மொண்ட தண்ணீர்,
பால் விட்ட காப்பி நிறம்.
ஜாடி நிகழ்ச்சி நிரலில் இல்லை.
எழுதவில்லை.

ஆளுக்கு மூன்று நிமிடம். மணி என் கையில்.

மெர்வின் டெய்ஷ் தொப்பியைக் கழற்றவில்லை.
"எண்ணூறு ஏக்கர் கோதுமை.
என் சரிவு, என் டிராக்டர், என் கடன்.
ஓடுகிற மண்ணும் என்னுடையதுதானே?
ஓடட்டும்."
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
அவருடைய மேட்டில் மேல்மண் போய்
மஞ்சள் களி தெரிவதை
நெடுஞ்சாலையில் போகும் எல்லோரும் பார்த்திருக்கிறோம்,
வழுக்கைத் தலையைப் பார்க்காததுபோல்.

டிரெய்லர் பூங்காவிலிருந்து லெட்டி க்ரோஸ்:
"எனக்கு நிலமில்லை. ஜன்னலில் ஒரு தக்காளித் தொட்டி.
மனை முதலாளியுடையது. அவருக்கு ஐந்து ஏறினால்
என் வாடகையில் பத்து ஏறும்.
பத்து டாலர் என் ரத்த அழுத்த மாத்திரை.
யாருடைய கோதுமைக்கு என் மாத்திரை?"
மணியடிக்க மறந்துபோனேன்.

இந்தக் குன்றுகளைக் காற்று கொண்டுவந்து கொட்டியது,
வந்த தேதி எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
நீர் கொண்டுபோகிறது.
நடுவில் சிறிது நேரம்
நாங்கள் பட்டா எழுதிக்கொள்கிறோம்.

டெல்பர்ட் க்ரூவல், சாலைத்துறை.
வந்தது பொருள் எண் ஒன்பதுக்கு: பாலக் குழாய்கள்.
காத்திருக்க முடியாமல் எழுந்தார்.
"வருஷம் அறுபத்திரண்டாயிரம் டாலர்
ஏற்கனவே கொடுக்கிறீர்கள், தெரியுமா?
சாலையோரப் பள்ளத்தில் நான் அள்ளுவதற்கு.
எதை? உங்கள் வயலை. லாரி லாரியாக.
போன வசந்தத்தில் கொட்ட இடமில்லாமல்
மெர்வின் வயலிலேயே கொட்டினேன். நன்றிகூடச் சொன்னார்.
ஜூனில் அதே மண் அதே குழாயை அடைத்தது.
அதேதான் என்று எப்படித் தெரியும்?
தொலைந்த என் இடது கையுறையும் கூடவே வந்தது."

மெர்வின் தரையைப் பார்த்தபடி:
"வலது என் கொட்டகையில் இருக்கிறது."

ஜாடியில் மேலே ஒரு விரற்கடை தெளிந்திருந்தது.
முதலில் மணல் இறங்கியது,
அவசரக்காரர்களைப் போல.
வண்டல் யோசித்து யோசித்து இறங்கியது.
களி மட்டும் எதிலும் சேராமல்
நடுவிலேயே நின்றது.

விலா பெண்டர் திருத்தம் கொண்டுவந்தார்:
ஐந்து அல்ல, மூன்று. இரண்டே ஆண்டுகள்.
டிரெய்லர் பூங்காக்களுக்கு விலக்கு.
ஆரின் ஹட்சல்: இல்லை.
விலா: ஆம்.
ரோலண்ட் யோகும் பேனாவை மூடித் திறந்து மூடி
(மெர்வினுக்குக் குத்தகை விட்டிருப்பவர் அவர்)
ஆம்.

மார்னா தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார்.
ஓடைக்கரையில் வில்லோ நட எட்டு மைல் குறித்திருந்தது
ஐந்தில் நின்றது.
மிச்ச மூன்று மைல்காரர்களின் பெயர்களுக்கு எதிரே
தொலைபேசி எண்ணை எழுதிக்கொண்டு
நன்றி சொல்லிப் போனார்,
ஜாடியை மறந்து.

விளக்கை அணைப்பது என் வேலை.
கழுவுதொட்டிவரை எடுத்துப் போனேன்.
ஊற்றக் கை வரவில்லை.

வாகன நிறுத்தத்தில் மெர்வின்
எஞ்சின் சூடாகக் காத்திருந்தார்.
கண்ணாடியை இறக்கி,
"இப்படிக் கொடுங்கள், என் வழிதான்" என்றார்.
இருக்கையில் வைத்துப் பட்டையைப் போட்டார்.

சரளைச் சாலை முழுக்கக் குழி.
வீடு சேர்வதற்குள் மறுபடி
கலங்கியிருக்கும்.

ஒன்பது பதினேழுக்குக் கூட்டம் முடிந்தது என்று
அதற்கு முன்பே
எழுதிவிட்டிருந்தேன்.